ஊதாச் செடியின் வளையம்

எங்கள் வீட்டு மதிலோரம் பதினொரு தொட்டிகளில் ஒரே செடி நிற்கிறது. வாள் போன்ற இலை. மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதா. இலை புறப்படும் இடுக்கில் படகு போல இரண்டு மடல்கள் சேர்ந்திருக்கும். அந்தப் படகுக்குள் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூக்கள் எட்டிப் பார்க்கும். காரைக்காலில் பாதி வீடுகளில் இது உண்டு. அலுவலக வாசல்களில் உண்டு, திருநள்ளாற்று லாட்ஜுகளின் வரவேற்பறைகளில் உண்டு. பெயர் கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. நர்சரிக்காரர் ரியோ என்பார். என் மனைவி ஊதாச் செடி என்பாள். நான்கு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது என்பது அதன் பெருமை.

போன ஆண்டு கோடையில் இரண்டு வாரம் இந்தச் செடியை வைத்துக்கொண்டுதான் எங்கள் வீடு பொழுதைத் தள்ளியது. ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம்.

என் மகளுக்கு அப்போது இருபத்தேழு வயது. திருமணமாகிச் சென்னையில் இருக்கிறாள். இரண்டு முறை கர்ப்பமாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துபோயிற்று. இரண்டாவது முறைக்குப் பிறகு மருத்துவர் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் குரோமோசோம் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. மகளுக்கு மட்டும் இரண்டு குரோமோசோம்கள் தங்கள் நுனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. எதுவும் குறையவில்லை, கூடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் அவளுக்கு ஒரு கோளாறும் கிடையாது. பிள்ளைக்குப் போகும்போதுதான் சிக்கல். மாறிய இரண்டுக்கும் மாறாத ஜோடிகள் இரண்டு உண்டு. மாறிய இரண்டும் சேர்ந்து போனால் குழந்தை நன்றாக இருக்கும். மாறாத இரண்டும் சேர்ந்து போனாலும் அப்படியே. மாறியதில் ஒன்றும் மாறாததில் ஒன்றுமாகப் போய்விட்டால் ஒரு துண்டு அதிகமாகும், இன்னொன்று குறையும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் நிற்பதில்லை. நின்றாலும் குழந்தை பெரிய குறைகளோடு பிறக்கக்கூடும்.

"அம்மாகிட்டேர்ந்தோ அப்பாகிட்டேர்ந்தோ வந்திருக்கலாம்" என்றார் மருத்துவர். எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என்னிடமிருந்துதான் வந்திருந்தது.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளுக்கு முன்னால் எங்களுக்கும் இரண்டு கலைந்தன. அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் பார்க்கவில்லை. கர்ப்பப்பை வலுவில்லை என்றார்கள். படியேறினாள் என்றார்கள். முதல் தடவை கலைவதற்கு முந்தின வாரம் அவள் பப்பாளி சாப்பிட்டிருந்தாள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது என் சொந்தக்காரர்கள்தான். நானும் அதை மறுத்துப் பேசவில்லை. தாவரவியல் படித்தவன் நான், ஆனாலும் பேசவில்லை. ஒன்பது சனிக்கிழமை திருநள்ளாறு போய்வந்தாள். பப்பாளியை அன்றோடு விட்டாள். மகள் பிறந்த பிறகும் தொடவில்லை.

எங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து திரும்பிய அன்று காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கினோம்.  இறங்கியதும் அவள் நேராகப் பழ வண்டிக்குப் போய், வெட்டி வைத்திருந்த பப்பாளியில் ஒரு தட்டு வாங்கினாள். வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே, கடைசித் துண்டு வரைக்கும் தின்றாள். நான் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் மூன்றாம் முறை கர்ப்பமானாள். பதினேழாவது வாரத்தில் வயிற்றிலிருந்து பனிக்குட நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் அங்கேயே ஓய்வெடுத்துவிட்டு, மீதி இரண்டு வாரத்துக்கு ரயிலேறி எங்களிடம் வந்தாள். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தினமும் மூன்று முறை போன் பண்ணுவார். அவள் "ஒண்ணும் இல்லங்க, சாப்ட்டேன்" என்று மூன்று முறையும் ஒரே பதில் சொல்வாள்.

வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம்.  கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன்கார அம்மா, "பொண்ணு வந்திருக்கா, நல்ல சேதிங்களா?" என்று கேட்டபோது என் மனைவி, "வெயிலுக்கு வந்திருக்கா" என்றாள். வெயிலுக்காகச் சென்னையிலிருந்து காரைக்காலுக்கு வருபவர்கள் யார் என்று அந்த அம்மா யோசித்திருக்கலாம்.

இரண்டாம் நாள் மாலை நான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், அந்தச் செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் கல்லூரிச் செய்முறைத் தேர்வில் இதன் மொட்டைத்தான் கொடுப்பார்கள். பெரும்பாலான செடிகளில், மகரந்தம் உண்டாகும் நேரத்தில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஜோடி சேரும். இதற்கு மொத்தம் பன்னிரண்டு. ஆறு ஜோடி நிற்க வேண்டும். ஆனால் இந்தச் செடியில் என்றைக்கோ, எப்படியோ, பன்னிரண்டும் தங்கள் நுனிகளைப் பக்கத்திலிருப்பவற்றோடு மாற்றிக்கொண்டுவிட்டன. அதனால் ஜோடி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பாதி சொந்தம் இந்தப் பக்கம், பாதி சொந்தம் அந்தப் பக்கம். பன்னிரண்டும் நுனியோடு நுனி தொட்டு ஒரே வளையமாக நிற்கும். பிரியும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர்ப் பக்கம் போக வேண்டும். சரியாகப் போனால் மகரந்தம் உருப்படும். கொஞ்சம் தவறினாலும் வெற்றுத் தூள்.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இது என்னவிட மோசமாப்பா?"

"ஒனக்கு ரெண்டே ரெண்டும்மா. இதுக்குப் பன்னெண்டும்."

"இது பாட்டுக்கு ஊர் பூரா மொளச்சுக் கெடக்கு!"

பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்துவிட்டு, "எனக்கு அந்த வளையத்தப் பாக்கணும்ப்பா. காட்டுவீங்களா?" என்றாள்.

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூடப் படித்த நண்பன் ஒருவன் பள்ளியில் உயிரியல் ஆசிரியனாக இருக்கிறான். கோடை விடுமுறை, நுண்ணோக்கி சும்மாதான் இருக்கும். போன் பண்ணினேன். வியாழக்கிழமை காலை கொண்டுவருகிறேன் என்றான். அதற்குள் மொட்டுகளைத் தயார் செய்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு நினைப்பு. கல்லூரியில் மொட்டுகளை ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறப்போட்டு, உள்ளிருப்பது அப்படியே நிற்கும்படி 'பிக்ஸ்' செய்து வைப்பார்கள். அந்த ஆல்கஹால் பாட்டிலை ஆய்வக உதவியாளர் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். எனக்கு அந்தச் சாவிகூட நினைவிருக்கிறது.

அசிட்டிக் அமிலத்துக்குச் சமையலறை வினிகர் இருந்தது. ஆல்கஹாலுக்கு எங்கே போவது? வேறு ஊராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பதில் பெயர்ப்பலகையோடு நிற்கும். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டிலிருந்து பைக்கில் வந்து வாங்கிப் போகிறார்கள். ஐம்பத்து நான்கு வயதுவரை நான் மட்டும் மதுக்கடைப் படியை மிதித்ததில்லை.

புதன்கிழமை கடை திறந்ததும் போய் நின்றேன். நிறமில்லாததாக, கடுமையானதாக ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் வோட்கா பாட்டிலை எடுத்து வைத்தார். நான் அதைத் திருப்பித் திருப்பி எத்தனை சதவீதம் என்று படித்துக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. அடுத்த தெரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரான்ஸிலிருந்து அவர் அக்கா குடும்பம் வந்திருந்தது. மதிய விருந்துக்கு ஒயின் வாங்க வந்திருக்கிறார்.

"சார்! நீங்களா? இங்கயா?"

"இது குடிக்கறதுக்கு இல்லைங்க. செடிக்கு."

"செடிக்கா?"

"மொட்ட ஊறப்போடணும்."

அவர் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை இல்லாமல் மகள் தனியாக வந்திருப்பது அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனசு கஷ்டமா இருந்தா நம்ம வூட்டுக்கு வாங்க சார். ஒக்காந்து பேசுவோம். தனியா மட்டும் குடிக்காதீங்க. அது ரொம்பக் கெட்ட பழக்கம்."

நான் வீட்டுக்கு வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"சொல்தா வூட்டம்மா போன் பண்ணாங்க."

"என்னவாம்?"

"ஒங்களத் திட்டக் கூடாதாம். ஆம்பளைங்க மனசு தாங்காதாம், பாத்துக்கச் சொன்னாங்க." பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நான் தாங்கிட்டேன்ல. அதான் எனக்கு யாரும் வாங்கித் தரல."

உள்ளே மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.  மூன்று பங்கு வோட்கா, ஒரு பங்கு வினிகர், பழைய ஜாம் பாட்டில். படகு மடல்களைப் பிரித்து மொட்டுகளைப் பறித்துப் போட்டேன். அந்தச் செடியின் சாறு பட்டால் அரிக்கும் என்பதை மறந்துவிட்டேன். அன்று முழுக்க முழங்கை வரை சொறிந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நண்பன் நுண்ணோக்கி இருந்த மரப்பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நான் ஜாம் பாட்டிலைப் பெருமையோடு நீட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"என்னடா இது, ஊறுகாயா?"

"பிக்ஸ் பண்ணியிருக்கேன்டா."

"இதுல பாதிக்கு மேல தண்ணிடா. ஒண்ணும் பிக்ஸ் ஆயிருக்காது. சரி, யாரு ஒன்ன பிக்ஸ் பண்ணச் சொன்னா? தொட்டி வாசல்லயே இருக்கு. பச்ச மொட்டப் பறிச்சு, சாயத்தப் போட்டு நசுக்கிப் பாக்க வேண்டியதுதானே?"

"காலேஜ்ல ஊறப்போடுவாங்களே."

"காலேஜ்ல பரீட்சை மத்தியானம்டா! காலையில பறிச்சது கெடக் கூடாதுன்னு போடுவாங்க. முப்பது வருஷமா இத நீ நெனச்சுக்கிட்டு இருக்க, பாரு!"

என் மனைவி அடுப்படியிலிருந்து ஒரு தட்டோடு வந்தாள். காலையிலேயே அவளும் பறித்து வைத்திருந்தாள். பூஜைக்குப் பறிப்பது போல நன்றாக மலர்ந்தவையாகப் பார்த்து, தட்டு நிறைய. நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தங்கச்சி, மொட்டுக்குள்ள நடக்கறதத்தான் பாக்கணும். மலந்தா எல்லாம் முடிஞ்சு போச்சு."

"எனக்கு என்ன தெரியும்? மொட்டப் பறிச்சா பாவம்னு நெனச்சேன்."

சாப்பாட்டு மேசை மேல் நுண்ணோக்கியை வைத்தோம். ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தது. அரிசி மணியில் பாதி இருக்கும் மொட்டு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த மகரந்தப் பையை எடுத்து, சிவப்புச் சாயத்தில் வைத்து ஊசியால் குத்தினான் நண்பன். மெல்லிய கண்ணாடியை மூடி, ஒற்றுத் தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். முதல் கண்ணாடியில் ஒன்றுமில்லை, மொட்டு மிக இளசு. இரண்டாவதில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. மூன்றாவதில், "சங்கிலி கெடச்சிருக்கு. வளையம் எங்கயோ ஒடஞ்சிருக்கு. அப்படியும் வரும்" என்றான். நானும் பார்த்தேன். குமிழை அதிகமாகத் திருகி, கிடைத்ததையும் தொலைத்துவிட்டேன்.

நான்காவதை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் எடுத்தாள். கண்ணாடியை ஒரு நூல் அளவு இந்தப் பக்கம், ஒரு நூல் அளவு அந்தப் பக்கம். அவள் உதடுகள் எண்ணுவது தெரிந்தது.

"பன்னெண்டு" என்றாள். "அப்பா, பன்னெண்டும் இருக்குப்பா. கோத்து வெச்ச மாதிரி இருக்கு. எங்கயும் விடல."

எட்டிப் பார்த்தேன். ஒழுங்கான வட்டம் இல்லை. யாரோ அவசரத்தில் கழற்றி வைத்த பாசிமணி போல, ஓரிடத்தில் நெளிந்து, ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு இருந்தது. ஆனால் அறுபடவில்லை. பரீட்சையில் நான் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டோம். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தாள்.

"எனக்கு என் கண்ணு மயிருதான் தெரியிது" என்றாள்.

நண்பன் மனைவியின் தட்டை இழுத்துக்கொண்டான். "தங்கச்சி பறிச்சதும் வீணாகல" என்று, ஒரு மலர்ந்த பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துச் சாயத்தில் போட்டு வைத்தான். அதில் சில உருண்டையாக, சிவப்பேறி, நிறைந்து இருந்தன. நிறையவே வெளுத்து, சுருங்கி, வெறும் ஓடாகக் கிடந்தன. நண்பனுக்கு எங்கள் விஷயம் முழுக்கத் தெரியாது. வகுப்பில் சொல்வது போலவே சொன்னான்: "வெளுத்ததெல்லாம் தப்பாப் பிரிஞ்சது. அது நிக்காது."

மகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு. இதை ஏன் ஆரம்பித்தேன் என்றிருந்தது. எழுந்து போய் நுண்ணோக்கியைத் தள்ளிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"செடி மேல தப்பு இல்லல்ல, அங்கிள்?" என்று கேட்டாள்.

"தப்பா? அது என்ன பண்ணும் பாப்பா? பிரியறது அப்படி. யாரு கையிலயும் இல்ல."

மகள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "நீயும் பாரும்மா" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். என் மனைவி உட்கார்ந்தாள். இந்த முறை அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

"செவப்பும் நெறையத்தான் இருக்கு" என்றாள். பிறகு எழுந்து, நண்பனுக்குக் காப்பி போடப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் வைத்து, முப்பது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். அப்போது வாயைத் திறக்காமல் இருந்தது தப்பு என்றேன். அவள் பாலைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள். "டம்ளர எடுங்க."

முடிவு அதற்கடுத்த புதன்கிழமை காலை வந்தது. பத்து மணி இருக்கும். நான் தொட்டி ஒன்றின் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. "சொல்லுங்க டாக்டர்" என்று மகள் குரல். பிறகு "சரிங்க டாக்டர்." இன்னொரு "சரிங்க டாக்டர்." அந்த "சரிங்க"வில் எந்தச் சாயலும் இல்லை. மண்ணில் இருந்த கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஒங்கள மாதிரியாம்ப்பா."

எனக்குப் புரியவில்லை. நல்லதா கெட்டதா என்பதே புரியவில்லை.

"மாறின ரெண்டும் சேந்தே போயிருக்கு. எனக்கு இருக்கறது மாதிரியே, ஒங்களுக்கு இருக்கறது மாதிரியே. கூடல, கொறையல. கொழந்தை நல்லா இருக்காம்."

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் பின்னாலிருந்து மனைவி வந்தாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. "அப்ப வழுக்கையும் வருமாடி?" என்று கேட்டாள். அன்று மாலை அந்த வோட்கா பாட்டிலை ஒரு பெட்டி மைசூர்பாகோடு சேர்த்துச் சொல்தா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் உடனே போன் பண்ணி, நான் குடியை விட்டதற்குப் பாராட்டினார்.

பேத்திக்கு இப்போது எட்டு மாதம். வழுக்கை இல்லை, நிறைய முடி. அவள் பெரியவளாகித் தனக்கென்று ஒரு குழந்தையை நினைக்கும்போது இதே காத்திருப்பு அவளுக்கும் வரலாம். ஆனால் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். எங்கள் மூவருக்கும் தெரியாமல் போன மாதிரி ஆகாது. அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். காலை பத்து மணிக்குப் போன் அடித்தால் எனக்கு இன்னமும் உள்ளங்கை குளிர்ந்துவிடுகிறது. அது போகும் என்கிறார்கள்.

மகள் இந்தக் கோடைக்கும் வந்திருக்கிறாள். முந்தாநாள் பேத்தி தவழ்ந்து போய் ஊதா இலை ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சாறு அரிக்குமே என்று நான் ஓடிப் போய்த் தூக்கினேன். பதினொரு தொட்டிகளையும் ஒவ்வொன்றாக மதிலின் மேல் ஏற்றி வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பழுத்த பப்பாளியை ஸ்பூனால் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் யாரு தலையிலயாவது விழுந்துடப் போவுது" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அதையும் யோசிக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. தொட்டிகளை இழுத்துக் கட்டப் பழைய கம்பி ஏதாவது இருக்கிறதா என்று தேடப் போனேன்.